அதைக் காத்துல பேச வேணாம்

அண்ணன் இறந்த பிறகு வீட்டில் எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. அவன் அறையில் இருக்கும் வயர்லெஸ் செட்டை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்வது. யாரும் எனக்குச் சொன்ன வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போகும்போது அந்த அறையைப் பூட்டி, சாவியை டிபன் பைக்குள் போட்டுக்கொள்வேன். அம்மாவிடம்கூடக் கொடுக்க மாட்டேன். எதிரே உட்கார்ந்து ஒருத்தர் அழுதால் போதும், அம்மா எதையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

செட் என்றால் போலீஸ் ஜீப்பில் இருக்குமே, அந்த மாதிரி. மேசையில் வைத்துக்கொள்ளலாம். சுருள் வயரில் ஒரு மைக் தொங்கும். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டியிருந்தான். அண்ணன் எலக்ட்ரீஷியன். இந்தச் செட்டில் பேசுவதற்கென்றே அரசாங்கப் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கியிருந்தான். நான் எட்டாவதோடு நின்றவள், அதனால் அவன் அதைப் பற்றிச் சொல்வதில் பாதிதான் எனக்கு ஏறும். எழுத்தும் எண்ணுமாக அவனுக்கென்று ஒரு குறி கொடுத்திருந்தார்கள். கால்சைன் என்பான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து அதைச் சொல்வான். அவனை மாதிரி மதுரைக்குள்ளும் சுற்றி உள்ள ஊர்களிலும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். தினமும் காலையில் எல்லோரும் செட்டில் கூடிப் பேசுவார்கள். எங்கள் வீடு கீழக்குயில்குடியில். மலை மறைப்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசுவது சரியாக விழவில்லை என்று தினமும் குறைப்படுவான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சோழவந்தான்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் புது ஆண்டெனா ஏற்றிக் கொடுக்கத்தான் அண்ணன் அன்றைக்குப் போனான். திரும்பி வரும்போது சமயநல்லூர் பக்கம் நாலுவழிச் சாலையில் லாரி. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த மனிதர் கூப்பிடாமல் இருந்திருந்தால் இவன் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

காரியத்துக்கு அவர் வந்தார். கூட இன்னொருவர். மதுரைக்குள் சேலைக்கடை வைத்திருப்பவர், சௌராஷ்டிராக்காரர். சாப்பிட்டு முடித்துவிட்டு இரண்டு பேரும் அண்ணன் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். நான் வாசல்படியிலேயே நின்றேன். கொடிக்கால்காரர் செட்டைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. சேலைக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி யாரிடமோ அவர்கள் பாஷையில் போனில் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் பேசியது என்ன என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. விலை பேசுகிறார் என்று அப்போது முடிவு கட்டிக்கொண்டேன்.

போகும்போது கொடிக்கால்காரர் என்னிடம் சொன்னார்.

"பாப்பா, இந்தச் செட்டப் பத்திரமா வச்சுக்க. எவன் வந்து கேட்டாலும் குடுத்துராத."

இப்படிச் சொல்கிற ஆள்தான் முதலில் வந்து கேட்பான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் அம்மாவுக்கு அந்த அறையில் மினுங்கும் விளக்குகளைப் பார்க்க முடியவில்லை. ஆள் உயிரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதது. நான் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். அதோடு வீட்டில் நெட் நின்றுவிட்டது. கேபிள்காரரைக் கூப்பிட்டோம். அவர் வந்து மோடத்தை என்னவோ அமுக்கிச் சரி செய்தார். மோடத்துக்குப் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டி மாதிரியான ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டி, "இது என்னன்னு தெரியல, இது இல்லாமலே ஓடும்" என்றார்.

ஓடியது. ஆனால் வீட்டில் அதுவரை இல்லாத விளம்பரம் எல்லாம் வர ஆரம்பித்தது. அம்மா சாமி பாட்டுப் போட்டால் நடுவில் ரம்மி ஆடக் கூப்பிட்டார்கள். கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். அம்மா மூடத் தெரியாமல் எதையோ தொட்டுவிட, தெரியாத நம்பரிலிருந்து போன்மேல் போன். பிறகு ஒரு நாள் என் போனில் அது வந்தது. அண்ணனுடைய செட். அதே கறுப்பு, அதே பொத்தான்கள், அதே சுருள் வயர். பழைய செட் விற்பனைக்கு, மதுரை என்று போட்டிருந்தது. அமுக்கிப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

அன்று அறையைத் திறந்து மூன்று தடவை பார்த்தேன். செட் மேசையில்தான் இருந்தது. அப்படியென்றால் அன்று எடுத்த படத்தை வைத்து விளம்பரம் போட்டுவிட்டார்கள், பொருளைத் தூக்க நாள் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால்தானே தெரியும்? மறுநாள் காலை செட்டை மட்டும் பிளக்கில் சொருகி, சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன். அண்ணன் விட்டுப்போன இடத்திலேயே இருந்ததால் எதையும் திருக வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சைனா செட்டு வாங்கிட்டு ஆறு மாசத்துல அழுகிறதுக்கு, பேசாம பழைய ஜப்பான் செட்ட வாங்கு மாப்ள."

"நான் எங்கண்ணே அழுகுறேன்? நீங்கதான் என் குரல் கெணத்துக்குள்ள இருந்து வருதுன்னு அழுகுறீங்க."

"கெணத்துக்குள்ள இருந்து வந்தாலும் பரவால்ல. போர்வெல்லுக்குள்ள இருந்துல்ல வருது."

அப்புறம் பேச்சு விளம்பரத்துக்குப் போனது. ஆண்டெனா கட்டுவது எப்படி என்று வீடியோ பார்க்க உட்கார்ந்தால், கம்பியை வளைக்கும் நேரத்தில் தலைமுடி எண்ணெய்க்காரன் வந்துவிடுகிறான் என்று ஒருவர். நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறது என்று இன்னொருவர். அதெல்லாம் இல்லை, நீ தேடியதை வைத்துத்தான் வருகிறது என்று வேறொருவர்.

"எங்க வீட்டுல ஒண்ணும் வராது" என்றது கொடிக்கால்காரர் குரல். "தம்பி ஒரு குட்டிப் பெட்டி மாட்டிக் குடுத்தான். வீடு பூராத்துக்கும் அதுவே தடுத்துரும். இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு."

"விளம்பரத்தப் பூரா தடுத்துட்டா நம்ம சேலைக்கடை அண்ணன் பொழப்பு என்னாகுறது? அவருல்ல தீவாளிக்கு நெட்டுல போட்டு வறுத்து எடுக்குறாரு."

"என்னுத மட்டும் விட்டுட்டு மத்ததத் தடுங்கப்பா. சரி, ஏவாரப் பேச்சு இங்க கூடாது. வேற பேசுங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி என்றது என் அண்ணனை. அவன் இறந்த பிறகு, அழாமல் ஒருவர் அவனைப் பற்றிச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். அதற்காகவே தினமும் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் அவன் பேச்சை எடுத்தாலே அழுதார்கள். இவர்கள் மட்டும்தான் அவன் இன்ன வயர் போட்டான், இன்ன இடத்தில் ஈயம் சரியாக வைக்கவில்லை என்று குறைகூடச் சொன்னார்கள். அவன் பேர் சாதாரணமாகப் புழங்கும் இடம் எங்கள் வீட்டில் அந்தச் செட் ஒன்றுதான். அதனாலேயே அதை விடக் கூடாது என்ற பிடி இன்னும் இறுகியது.

அப்புறம் ஒரு காலையில் அந்தப் பேச்சு வந்தது.

"ஏண்ணே, தம்பியோட செட்டு விசயம் என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

பிறகு சேலைக்கடைக்காரர் சொன்னார்.

"அதைக் காத்துல பேச வேணாம்ப்பா. போன்ல பேசிக்குவோம்."

சைனா செட்டையும் எண்ணெயையும் ஊர் கேட்கப் பேசுகிறவர்கள் இதை மட்டும் ஏன் மறைவாகப் பேச வேண்டும்? மைக்கை எடுத்தேன். அண்ணன் அமுக்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அமுக்கினேன்.

"எங்கண்ணன் செட்ட எவனுக்கு விக்கப் பாக்குறீங்க? போட்டோ எடுத்துட்டுப் போயி விளம்பரம் போட்டுட்டீங்கள்ல? அவனக் கூப்புட்டுக் கூப்புட்டு வேல வாங்குனீங்க. வேல முடிஞ்சு வீடு வந்து சேந்தானா? இப்ப பொருளும் வேணுமாக்கும். வாங்க, வந்து எடுத்துப் பாருங்க."

விரலை எடுத்தேன். யாரும் பேசவில்லை. ஒருவர்கூட. அத்தனை நேரம் கடலை வறுத்த மாதிரி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ரொம்ப நேரம் கழித்து, அன்று கூட்டம் நடத்தியவர் தன் கால்சைனைச் சொல்லி, இன்றைக்கு இதோடு முடித்துக்கொள்வோம் என்றார். நான் ஒருத்தி பேசியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பதில் இல்லை என்றால் குற்றம் உண்மை. அப்படித்தானே எவரும் நினைப்பார்கள்?

நான் கம்பெனிக்குக் கிளம்பி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சேலைக்கடைக்காரர் ஓட்டி வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கொடிக்கால்காரரும் பைக்கில் வந்து சேர்ந்தார். அம்மா ஒன்றும் தெரியாமல், "வாங்கய்யா, காப்பி குடிங்க" என்றது. நான் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"பேசத் தெரியுதுல்ல, இப்ப பேசுங்க. காலையில ஏன் பேசல?" என்றேன்.

"பேசக் கூடாதும்மா" என்றார் சேலைக்கடைக்காரர். "கால்சைன் இல்லாதவங்க பேசுனா நாங்க பதில் சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. எங்கள்ல அம்புட்டுப் பேருக்கும் பதிலு வாயி வரைக்கும் வந்துச்சு. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"நல்ல சட்டம்."

"நீ பேசுனதே தப்புதான். வெளியில தெரிஞ்சா உங்க வீட்டுக்குத்தான் வெனை."

"மெரட்டுறீங்களா?"

"ஆத்தா, மெரட்டலத்தா" என்றார் கொடிக்கால்காரர். அவர் உட்காரவே இல்லை. காப்பியையும் தொடவில்லை. "லைசன்ஸ் இல்லாத வீட்டுல இந்தச் செட்டு இருக்கக் கூடாது. அதை முன்னாடியே சொல்லிருக்கணும். காரியத்தன்னிக்கு உங்கம்மா மொகத்தப் பாத்துட்டு எப்புடிச் சொல்றது? எங்காளுக செத்துட்டா ஏதாவது ஒருத்தன் வந்து, தெரியாத பொம்பளைககிட்ட அடிமாட்டு வெலைக்கு அள்ளிட்டுப் போயிருவான். அதான் அடியில உள்ள நம்பரப் படம் எடுத்து எங்காளுகளுக்கு அனுப்புனேன். இந்த நம்பரு எவன் கைக்கு வந்தாலும் எங்களுக்குத் தெரிஞ்சுரும்."

"அப்ப போன்ல பேசுவோம்னு சொன்னது?"

"கொடுக்கல் வாங்கல் பேச்சு எதையும் அதுல பேசக் கூடாதும்மா" என்றார் சேலைக்கடைக்காரர். "என் கடை சேலையப் பத்திக்கூடப் பேச விட மாட்டாங்க."

விளம்பரத்தைக் கேட்டேன். கொடிக்கால்காரர் என்னையே திருப்பிக் கேட்டார். "செட்டு மேல உள்ள பேரப் போன்ல அடிச்சுப் பாத்தியா?" பார்த்திருந்தேன், அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள. "அதான் அது உன்னயத் தேடி வருது. அந்த மாதிரிச் செட்டு ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும்."

கேபிள்காரர் ஒதுக்கிப் போட்ட குட்டிப் பெட்டியைக் கொடிக்கால்காரரே எடுத்து ஊதி, மோடத்தில் மாட்டி என்னமோ செய்தார். அம்மாவின் சாமி பாட்டு நடுவில் நிற்காமல் ஓடியது. அம்மா அவரைக் கும்பிட்டது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒரு காரியம் நல்லது செய்துவிட்டு அடுத்து எதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

கேட்டார்கள். செட்டைக் கொடிக்கால்காரர் லைசன்ஸில் முறைப்படி எழுதி வாங்கி, அவர் வீட்டில் வைத்துக்கொள்வது. அதற்குப் பதில், அவர்கள் பேசுவதைக் கேட்க மட்டும் முடிகிற ஒரு சின்னப் பெட்டியை எங்களுக்குக் கொடுத்துவிடுவது. அதையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"நான் லைசன்ஸ் வாங்குனா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வாங்கு. பரீட்சை எழுதணும்" என்றார் சேலைக்கடைக்காரர். "வாங்குற வரைக்கும் இங்க வைக்க முடியாது."

"வாங்குனா திருப்பித் தருவீங்களா?"

"தருவேன்" என்றார் கொடிக்கால்காரர்.

"சொல்றது எல்லாரும்தான் சொல்லுவாங்க."

அவர் கண் கலங்கியது. "அன்னிக்கு இருட்டிருச்சு, இருந்துட்டுக் காலையில போடான்னேன் ஆத்தா. அம்மா ஊருக்குப் போயிருக்கு, தங்கச்சி தனியா இருக்கும், வாரேன்னு கெளம்பிட்டான்."

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்காகத்தான் கிளம்பினான் என்றால், இத்தனை நாள் இவரைத் திட்டியதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இவர் தன் மேல் உள்ள பழியைத் தள்ளிவிடுவதற்காக இப்படிச் சொல்கிறாரோ என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. இப்போதும் எப்போதாவது தோன்றும். ஆனால் தங்கச்சி தனியா இருக்கும் என்பது அவன் பேசுகிற பேச்சுதான்.

கடைசியில் கொடுத்தேன். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. வயரை எல்லாம் நானே கழற்றி, அண்ணன் சட்டை ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலைக்கடைக்காரர் காரில் ஏறினேன். அன்று கம்பெனிக்கு லீவு. சமயநல்லூர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு, நான் கண் திறக்கும்வரை மெதுவாக ஓட்டினார்.

சோழவந்தானில் கொடிக்கால்காரர் வீட்டு மாடியில் அண்ணன் கட்டிய ஆண்டெனா நின்றது. குழாயில் கம்பி சுற்றிய விதத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சுற்றியிருக்கும் அதே மாதிரி, தேவைக்கு மேல் ரெண்டு சுற்று. செட்டை மாட்டி, அவர் தன் கால்சைனைச் சொல்லி ஒரு வார்த்தை பேசினார். யாரோ பதில் சொன்னார்கள். அவர் பேச்சுக்கு அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறதாம். "இந்தச் செட்டுல யாரு பேசுனாலும் வர்ற இரைச்சல் இது. தம்பியக் கேலி பண்ணிக்கிட்டே இருப்போம்" என்றார் கொடிக்கால்காரர். சரி பண்ணவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது காலையில் அந்தச் சின்னப் பெட்டியில் கேட்கிறேன். என்னால் பதில் பேச முடியாது. பரீட்சைப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், மூன்றாவது பக்கத்தில் நிற்கிறேன். கொடிக்கால்காரர் பேச வரும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டிவைத்து, அந்த இரைச்சல் இருக்கிறதா, அண்ணன் செட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவர் நல்ல மனிதர்தான். அம்மாவுக்கு வெற்றிலை கொடுத்தனுப்புகிறார். இருந்தாலும் இரைச்சல் இல்லாமல் அவர் பேசும் காலையில், நான் சோழவந்தான் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.