மூடியின் உட்புறத்துச் சந்தனம்

பொம்மசந்திராவில், ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியே ஏற்றுகிற உப்புநீர் பாட்டில் தயாரிக்கும் கம்பெனியில், மரகதத்தின் மூக்கைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள். ஆனேக்கல் பஸ்ஸில் காலை வைக்கும்போதே யாருடைய டிபன் டப்பாவில் நேற்றைய சாம்பார் என்று கண்டுபிடித்துவிடுவாள். மைசூரில் பால் திரிந்தால் இங்கே அவளுக்குக் குமட்டும் என்று கேன்டீனில் சத்தியமே செய்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, முயல் அறை.

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டுப் பதினோரு வருஷமாக முப்பது முயல்களோடு குடித்தனம். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். போதாததற்கு அந்தப் பிராணிகள் போடுகிற புழுக்கையில் ஒரு வகையைச் சூடாறும் முன்பே குனிந்து வாயாலேயே வாங்கித் தின்றுவிடும். அதைப் பார்த்த நாளோடு கறுப்பு திராட்சையை விட்டவள் மரகதம். நிரப்பி முடிக்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் உப்புநீர் எடுத்து மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றுவாள். பின்பக்கத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, மூன்று மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் வராவிட்டால் கையெழுத்துப் போடுவாள். அது இல்லாமல் லாரி நகராது.

1998இல் ஆயுதபூஜை, விஜயதசமி, காந்தி ஜெயந்தி, சனி, ஞாயிறு என்று ஐந்து நாள் லீவு சேர்ந்து வந்தது. லீவு முடிந்து நிரப்பிய முதல் தொகுதி மறுவாரம் அவளிடம் வந்தது. மூன்று முயலுக்கும் காய்ச்சல். வேறு மூன்றைப் போட்டாள். அவையும் அனலாய்க் கொதித்துக் காதைத் தொங்கப் போட்டன.

தயாரிப்பு மேனேஜர் சீனிவாசராகவன், மல்லேஸ்வரத்துக்காரர், காபி டம்ளரோடு முயல் அறை வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார். கதவுக் கைப்பிடியைக்கூடக் கைக்குட்டையால்தான் பிடிப்பார்.

"என்னம்மா, உன் முயலுக்கெல்லாம் ஜலதோஷமா? கிருமி வளக்கற தட்டுல ஒரு புள்ளிகூட முளைக்கலே. பாட்டிலை நூத்தி இருபத்தோரு டிகிரியில வேக வெச்சாச்சு. உள்ளே உயிரோட என்ன இருக்கும்?"

"உயிரோட ஒண்ணுமில்ல சார். செத்ததோட தோலு இருக்குது."

"செத்தா விட்டுது சனியன்."

"கரப்பான் விழுந்த சாம்பாரை நல்லா கொதிக்க வெச்சு ஊத்துனா சாப்புடுவீங்களா சார்? அதுவும் செத்துதான் இருக்கும்."

அவர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை.

மரகதம் சொன்னது நிஜம். சில கிருமிகளின் மேல்தோலில் கொழுப்புப் பிசுக்கு ஒன்று உண்டு. வேகவைத்தாலும் கரையாது. நம் ரத்தத்து வெள்ளணுக்களின் மேல், முயலுடையதிலும்தான், அந்தப் பிசுக்கைத் தடவிக் கண்டுபிடிக்கவென்றே பிறவியிலேயே விரல்கள் உண்டு. யாரும் பாடம் சொல்லித் தர வேண்டாம். முன்பின் பழக்கமும் வேண்டாம். பிசுக்கு பட்டதா, அலறு. உடம்பைக் கொதிக்க வை. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று விசாரிக்கிற வழக்கமே அவற்றுக்குக் கிடையாது. அந்த விரல் எது என்று வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் எலிகளை வைத்துக் கண்டுபிடித்து எழுதியதும் அதே வருஷக் கடைசியில்தான். மரகதத்துக்கு அந்த விரலின் பெயர் தெரியாது. ஆனால் அது அலறினால் பாட்டிலுக்குள் அசிங்கம் என்று தெரியும். அந்த அசிங்கம், ஏற்கெனவே படுத்துக் கிடக்கும் ஒரு நோயாளியின் நரம்பில் இறங்கினால் ஆள் போய்விடலாம் என்பதும் தெரியும்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் மேல ஃபோன் பண்றா. சாயங்காலத்துக்குள்ள நீ கையெழுத்துப் போடறே. இல்லேன்னா முயல் ரூமுக்கு வேற ஆளைப் பாக்கறது எனக்குப் பெரிய காரியமில்லே."

மரகதம் நேரே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் கன்னடக்காரர் கோவிந்தப்பாவிடம் போனாள். உப்பு கலப்பதற்கான வடித்த நீர் அந்த எஃகுத் தொட்டியில் ராப்பகலாகச் சூட்டோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; ஆறி நின்றால் கிருமி குடியேறிவிடும்.

"அண்ணா, ஆயுதபூஜைக்கு பம்பை நிறுத்துனீங்களா?"

"நிறுத்தாம? வருஷத்துக்கு ஒரு தடவ மிஷினுக்கு ரெஸ்ட் பேடவா?"

"அஞ்சு நாளுமா?"

"ஹௌது, அஞ்சு நாளும்தான். திங்கக்கெழம சூடு ஏத்திட்டேன் அல்லவா."

"பூஜை எப்படிப் பண்ணீங்க?"

கோவிந்தப்பாவின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் வெளிய பொட்டு வெக்கறாங்கம்மா. தகரத்துக்கு வெச்சு என்ன புண்ணியம்? உள்ள இருக்கறது கங்கம்மா. மூடியத் திறந்து உள்பக்கமா சந்தனம் இட்டேன். குழாய்த் தண்ணில கொழைச்சு, நல்லா தாராளமா."

மரகதம் உடனே மேனேஜரை வரச் சொன்னாள். சூட்டை அணைத்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்றித் திருப்பினார்கள்.

சந்தனம் இருந்த இடத்தில் சளி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. பழுப்பும் பச்சையும் கலந்து, ரப்பர் வளையத்தைச் சுற்றி நூல்நூலாக இறங்கி, தொட்டியின் கழுத்துவரை வழவழவென்று ஒட்டிக் கிடந்தது. நாள்பட்ட கஞ்சியும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. கோவிந்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க சார்," என்றாள் மரகதம், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. "நல்லா வெந்ததுதான். உயிரோட ஒண்ணும் இருக்காது."

மேனேஜர் என்ற வீம்பில் அவர் ஒரு விரலை நீட்டினார். விரல் வழுக்கியது. எடுத்தபோது கூடவே ஒரு நூல் நீண்டு வந்தது.

அவருக்கும் யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. முதுகுத்தண்டு சிலிர்த்து, தோள் காது வரை ஏறி, வாயில் உமிழ்நீர் ஊறி, கண்ணில் நீர் கட்டியது. குழாயடிக்கு ஓடினார். அன்று அவர் கை கழுவிய தண்ணீரில் ஹோசூர் ரோடு பாதி நனைந்தது என்று கேன்டீனில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மூன்று சோப்பு கரைந்தது என்பதற்கு நானே ஜாமீன்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வலது கையை உடம்பில் படாமல் எட்ட நீட்டிப் பிடித்திருந்தார்.

"இதையா நரம்புல..." என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டார். "அத்தனை பாட்டிலையும் கொட்டச் சொல்லு. நிராகரிச்சதுன்னு எங்கே எழுதணும்?"

மரகதம் இடத்தைக் காட்டினாள். வலது கையைத் தாளின் பக்கம் கொண்டுவர அவருக்கு மனம் வரவில்லை. இடது கையால், எழுத்துப் பழகும் குழந்தைபோலக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே மரகதம் தன்னுடையதைப் போட்டாள். பேனாவை அவரிடமிருந்து வாங்கும்போது, பின்முனையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினாள்.