அவர் காய்ச்சலில் சொன்ன எண்

ஆவடியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு டெங்குக் காய்ச்சலோடு வந்தார் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, பாதி நரைத்த கிராப்பு. தூங்கும்போதும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

காய்ச்சல் இறங்கிய மத்தியானம் கண் விழித்ததும், "நான் ஏதாவது உளறினேனா?" என்று கேட்டார்.

"ஒரு நம்பரையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருந்தீங்கம்மா," என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வானம் முழுவதையும் படமெடுக்கப்போகும் பெரிய ஆய்வு ஒன்றுக்கு அவரும் அவரோடு வேலை செய்யும் விஞ்ஞானிகளும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"பிரபஞ்சம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு கணக்குப் போடறோம். ஆசைப்பட்ட விடைக்கு யாரும் கணக்கை வளைச்சிடக் கூடாதுன்னு, கணக்குக்குள்ளே ஒரு பொய் எண்ணைக் கலந்து வச்சிருக்கேன். அது எவ்வளவுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்; கடைசியிலதான் அதைக் கழிச்சிட்டு நிஜ விடையைப் பார்ப்போம். தயவுசெஞ்சு மறந்துடுங்க சிஸ்டர்."

"எதுவரைக்கும்மா?"

"வேலை முடியற வரைக்கும். வருஷக்கணக்கா ஆகும்."

சரியென்று தலையாட்டினேன். மறுநாள் பட்டாபிராமுக்கு ஆட்டோ ஏறிப் போனவரை அப்புறம் பார்க்கவே இல்லை.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அண்ணாந்து பார்த்தால் போதும், அந்த எண் தானாக நாக்குக்கு வந்துவிடுகிறது.

"இன்னா முனகிக்கினு கீற?" என்பார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். அவர்கள் வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு யார் வந்து சொல்வார்கள்?