ரப்பர் குழாயில் கேட்டது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். நானே லேசில் எதையும் நம்பாதவன். கண்ணால் பார்த்ததைக்கூடத் தொட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த மழை நாளில், பட்டப்பகலில், என் ஒர்க்‌ஷாப்புக்குள் நான் செத்திருக்க வேண்டியவன். சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கார் மெக்கானிக். நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று. ஐம்பது வருஷமாக இந்த இரண்டு காதை வைத்துத்தான் பிழைப்பு. கூட யாரையும் வைத்துக்கொள்வதில்லை. ஆள் இருந்தால் ஸ்பேனர் இருக்காது.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண் சாம்பல் நிறக் கார் ஒன்றைக் கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஓடும்போது கார் நன்றாக இருக்கிறதாம். சிக்னலில் நின்றால் உதறுகிறதாம். சில சமயம் அணைந்தே போகிறதாம்.

“ரெண்டு வருஷமா சும்மா கிடந்துச்சுங்க. இப்பதான் வெளிய எடுத்தேன்.”

“வேற எவன்கிட்டயாவது காட்டினீங்களா?”

“காட்டினேன். கம்ப்யூட்டர் வச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.”

“கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா? விட்டுட்டுப் போங்கம்மா. அஞ்சே நிமிஷ வேலை.”

இது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொய். அஞ்சு நிமிஷம் என்றால் அரை நாள் என்று வண்டிக்காரருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போவார்கள். இவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“அப்படி மட்டும் சொல்லாதீங்க பெரியவரே. எத்தனை மணி ஆகுமோ அதைச் சொல்லுங்க.”

“சரி, அஞ்சரைக்கு வாங்க.”

திரும்பித் திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டே போனாள். ஏதோ மனக்குழப்பம் பிடித்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரைக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். குளிர் ஜுரம் வந்தவனைப்போல நின்ற இடத்தில் நடுங்கியது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். நான்கு பிளக்கையும் எடுத்துத் துடைத்து மாட்டினேன். நடுக்கம் போகவில்லை. ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நான்கிலும் சத்தம் மாறியது. நான்கும் உயிரோடு இருந்தன.

அப்படியென்றால் காற்று. எங்கோ ஒரு வெடிப்பு வழியாக இன்ஜின் திருட்டுத்தனமாகக் காற்றை உறிஞ்சுகிறது. அதைப் பிடிக்க என்னிடம் ஒரு ரப்பர் குழாய் உண்டு. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜின்மேல் நகர்த்திக்கொண்டே போவேன். வெடிப்பு உள்ள இடத்தில் ‘உஸ்ஸ்...’ என்று கேட்கும். விடாமல் கேட்கும்.

அதற்கு அமைதி வேண்டும். வெளியே மழை, தெருவெல்லாம் ஹாரன். மூன்று ஐம்பதுக்கு ஷட்டரைத் தரை வரை இறக்கினேன்.

மூடிய அறையில் ஓடும் இன்ஜின் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். அது தெரியாதவன் இல்லை நான். சைலன்சரில் நீளக் குழாய் மாட்டி, க்ளிப்பை இறுக்கி, மறுமுனையைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே விட்டேன். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். கழலவில்லை.

பானட் பக்கம் குனிந்தேன். ரப்பர் குழாயைக் காதில் வைத்தேன்.

மணி நாலு ஐந்து. ஒன்றுமில்லை. டிக் டிக் டிக் என்று இன்ஜின் சத்தம்தான்.

நாலு பத்து. இன்ஜினுக்குப் பின்பக்கம், கீழே, ஒரு சத்தம் கிடைத்தது. ‘உஸ்ஸ்...’

நின்றது.

மறுபடி ‘உஸ்ஸ்...’ மறுபடி நின்றது.

காற்று ஒழுகினால் விட்டுவிட்டுக் கேட்காது. இது போனது, வந்தது. போனது, வந்தது...

மூச்சு.

என் மூச்சுதானோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அடக்கிப் பார்த்தேன். குழாய்க்குள் அது நிற்கவில்லை.

குழாயைக் காதிலிருந்து எடுத்தேன். வெறும் இன்ஜின். திரும்ப வைத்தேன்.

ஹா... ஹா...

தலை கனத்தது. முழங்கால் தானாக மடங்கியது. காரின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். குழாயை மட்டும் விடவில்லை. விட மனசு வரவில்லை.

அப்போதுதான் கேட்டது. ஆம்பளைக் குரல். என் காதுக்குள்.

“கிடைச்சிருச்சு... அஞ்சே நிமிஷம்...”

சுவரில் கடிகாரம். நாலு இருபது.

எவ்வளவு இதமான குரல்! ‘சரி’ என்று நான் தலையாட்டினேன். கண் சொருகியது.

“அஞ்சே நிமிஷம்...”

எங்கிருந்தோ எனக்குக் கோபம் வந்தது. அஞ்சு நிமிஷமா? ஐம்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்பவன் நான். என்னிடமேயா?

குழாயை வீசினேன்.

தவழ்ந்தேன். ஷட்டர் பத்தடி தூரம். பத்து மைல்போல இருந்தது.

கை வழுக்கியது.

தூக்கினேன்.

ஒரு முழம்தான் ஏறியது. தலையை வெளியே நீட்டி, மழையில் படுத்து, வாந்தி எடுத்தேன்.

கால் மணி நேரம் கழித்து ஷட்டரை முழுசாக ஏற்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினேன். பின்னால் பார்த்தேன். சைலன்சரில் மாட்டிய குழாய் கழன்று தரையில் கிடந்தது. அதன் க்ளிப் நான் இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. திருகு ஒரு சுற்றுகூடத் தளரவில்லை.

ஒரு விஷயத்தில் அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. அது கேட்ட அதே இடத்தில் இன்ஜினின் சின்ன ரப்பர் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. மாற்றினேன். ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டுதான் மாற்றினேன். இன்ஜின் குழந்தை தூங்குவதுபோல ஓடியது.

அஞ்சரைக்கு அந்தப் பெண் வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது.

“யாரும்மா இதை முன்னாடி ஓட்டினது?”

“என் வீட்டுக்காரர். ரிப்பேரும் அவரே பார்ப்பாரு.” பானட்மேல் கை வைத்தாள். “அன்னிக்கும் மழை. ஷெட்டை உள்பக்கமா சாத்திட்டு இந்த உதறலைத்தான் பார்த்துட்டிருந்தாரு. நான் வேலைக்குப் போயிட்டு வந்து வெளிய நின்னு கூப்பிட்டேன். ‘கிடைச்சிருச்சு, அஞ்சே நிமிஷம்’னாரு. சரின்னு போயிட்டேன். அரை மணி ஆச்சு, வரலை. கதவை உடைச்சோம். காருக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. காதுல ரப்பர் குழாய்...”

சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்க கூப்பிட்டப்ப மணி எத்தனை?”

“நாலு இருபது. பிள்ளையோட ஸ்கூல் வேன் வர்ற நேரம், அதான் மறக்கலை.”

சாவியை வாங்கிக்கொண்டாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஆனா டாக்டர் என்ன சொன்னாருன்னா... உசிரு மத்தியானம் ஒரு மணிக்கு முன்னாடியே போயிடுச்சாம்.”