அண்ணன் கடைசியாகப் பார்த்த வண்டி

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவர் கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, அண்ணியால்தான் வண்டி தாமதமானது என்று அண்ணி காதுபடவே சிலர் பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மரக்காணத்தில், உப்பளக் கூலி வீட்டில். அப்பா சீக்கிரம் போய்விட, புதுச்சேரியில் மெக்கானிக் வேலை பழகி எங்களைக் கரையேற்றினார். பிறகு ஈ.சி.ஆர். சாலை ஓரம் சொந்தமாக மெக்கானிக் ஷெட் போட்டார். புகையை முகர்ந்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். கோபம் வந்தால் ஸ்பானரைத்தான் திட்டுவார், ஆளை இல்லை.

நுரையீரல் நோய் வந்ததும் ஷெட்டை மூடினார். நான் சொன்ன அந்த நாள் காலை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். எங்கள் பழைய கார் கருப்பாகப் புகை கக்கியது. உள்ளேயும் புகை ஏறி, அண்ணனுக்கு மூச்சு அடைத்தது. அவரை இறக்கி, காற்று வரும் பக்கம் உட்கார வைத்தோம். வேறு வண்டி உடனே கிடைக்கவில்லை.

“டேய், பிளக்கைக் கழட்டு” என்றார். நாலையும் கழற்றிக் காட்டினேன். விரலால் தேய்த்தார். கரி ஒட்டியது.

“எல்லாமே ஒரே மாதிரி கருப்பு. பெட்ரோல் அதிகமாப் போவுது. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா?”

“சுத்தமா இருக்குதுண்ணே.”

“அப்ப இன்ஜின் சூடு பாக்குற சென்சாரு ஒயரைப் புடுங்கு.”

உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“அதாண்டா. இன்ஜின் சூடானாலும் இது சில்லுன்னு இருக்குதுன்னே சொல்லுது. அதான் பெட்ரோலைக் கொட்டுது. யாரு இங்க தண்ணி ஊத்துனது?”

“நாந்தாங்க” என்றார் அண்ணி. “உப்புக்காத்து படியுதேன்னு தினம் கழுவினேன். ஆஸ்பத்திரி போற வண்டியாச்சே.”

“எந்தத் தண்ணி?”

“நம்ம போர் தண்ணிதான்.”

“ஏம்மே, உப்பைக் கழுவ உப்புத்தண்ணியா?”

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். அது இருமலில் முடிந்தது.

களிம்பைச் சுரண்டி ஒயரைச் செருகி, பிளக்குகளைத் துடைத்து மாட்டி, வண்டியைச் சூடேற ஓடவிட்டேன். கரும்புகை நின்றது.

“வாடை போயிடுச்சா, நீயே சொல்லு. எனக்கு மூக்கு செத்துப்போச்சு” என்றார். அதுவரை அது எங்களில் யாருக்கும் தெரியாது.

“போயிடுச்சுண்ணே.”

கீழ்புத்துப்பட்டு தாண்டி ஆஸ்பத்திரி சேரும்வரை அவருக்கு மூச்சுத் திணறவில்லை. நுரையீரல் முன்பே கெட்டுவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். அண்ணன் வீடு திரும்பவில்லை.

கூடவே இருந்த நர்ஸ்களுக்கும், உப்பள வேலையை விட்டு வந்து பாடையைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், ஈமக்காரியத்தில் உதவிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மட்டும். அன்று வழி முழுக்க அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்தபடியே வந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். இனி அண்ணியிடம் யாரும் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டாம்.