வயிற்றுப் பக்கத்துத் தோல்

மேசைமேல் ஒரு தோல் வளையம் கிடக்கிறது. டிபன் டப்பா மூடி அளவு, கறுப்பு நிறம். ஓரத்தில் வெள்ளிப் பேனாவால் போட்ட கோடு இன்னும் மங்கவில்லை. விரலால் அழுத்தினால் படுக்கிறது. விரலை எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் நாக்கு மாதிரி எழுந்துகொள்கிறது. அரை மணி நேரமாக இதை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், இரண்டு முறையும் தாகமில்லாமல். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். இன்று மேசையும் சேர்ந்து ஆடுகிறது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். தினமும் காலையில் ஆட்களை நிற்கவைத்து ஒரே பிரசங்கம் செய்கிறவன். முதுகுத் தோல் வடிவம் மாறாமல் நிற்கும், வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், சூடு பட்டால் தொங்கும், மழை நாளில் இன்னும் ஜாஸ்தி, பார்த்து வெட்டுங்கப்பா. எட்டு வருடமாக இதே பேச்சு. கேட்டவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். சொன்னவன்தான் பாக்கி.

இரண்டாம் கையாக ஒரு சின்ன டீசல் கார் வாங்கியிருந்தேன். ஓட்டினால் வீடு போய்ச் சேரும், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. நாற்பதை நெருங்குகிறவனுக்கு வரும் வியாதி அது. சிலர் மீசைக்கு மை போடுகிறார்கள், நான் காரை ட்யூன் செய்யப் போனேன். வேலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் தகர ஷெட் போட்டிருந்தவனிடம்தான் எல்லாரும் அனுப்பினார்கள். லேப்டாப்பை வண்டியில் செருகி, எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று இன்ஜினுக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவான். அதனால் எங்களுக்கு அவன் லேப்டாப் பாய். மேல்விஷாரத்தில் அவன் குடும்பத்துக்குப் பச்சைத்தோல் மண்டி. உப்புப் போட்ட தோலுக்கு நடுவில் வளர்ந்தவன், அந்த வாடையே வேண்டாம் என்று ஓடிவந்திருந்தான். லேப்டாப்பைத் தொடும் முன் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை கழுவுவான், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி. ஷெட் அவன் அண்ணனுடையது. ரம்ஜான் பெருநாள் வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் தொழில் நிலைத்தால் ஷெட் தம்பிக்கு. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மண்டிக்குத் திரும்ப வேண்டும்.

ட்யூன் செய்த வண்டி பறந்தது. நானும் சும்மா இருந்திருக்கலாம். பதினைந்தாம் நாள், ஏர் ஃபில்டரை நானே சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று திறந்து, ஃபில்டர் பெட்டியும் காற்றுக் குழாயும் சேருமிடத்தில் இருந்த ரப்பர் வளையத்தைக் கிழித்து வைத்தேன். அதற்கென்ன? அடிபம்புக்குத் தோல் வாசர், ஸ்டவ் பம்புக்குத் தோல் வாசர், எங்கள் தொழிற்சாலையில் எது ஒழுகினாலும் தோல் வாசர். காருக்கு மட்டும் ஆகாதா? கழிவுத் துண்டு ஒன்றில் டிபன் மூடியை வைத்து, கட்டிங் பிரிவில் தோலுக்குக் குறி போடும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, அழகாக வெட்டினேன். நன்றாக உட்காரட்டும் என்று உள்பக்கம் விளிம்பை அகலமாகவே விட்டேன். எங்கள் கேட்டில் வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். விரல் அகலத் தோல் அகப்பட்டாலும் சூப்பர்வைசர், கூட்டுகிறவர் என்று பேதமில்லை, அன்றோடு வேலை போய்விடும். வளையம் டிபன் மூடிக்குள் ஒட்டிக்கொண்டு, தயிர்சாதத்துக்குக் காவலாக வெளியே வந்தது. அன்று இரவு என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டு தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. லாரியைத் தாண்ட ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால், ஏறிக்கொண்டிருக்கும்போதே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இழுவை செத்துவிடும், பின்னால் கரும்புகை. காலை எடுத்து மறுபடி மிதித்தால், நானா, ஒன்றும் செய்யலையே என்று ஓடும். ஒரே நாளில் மூன்று முறை வரும், பிறகு ஒரு வாரம் வராது. ஒரு தடவை குறுகலான சாலையில் கரும்பு லாரியைப் பாதி தாண்டியபோது செத்தது. எதிரில் பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டு வழி விட்டதால் இதை எழுதுகிறேன். அவர் ஜன்னல் வழியே சொன்னதை எழுத முடியாது.

பாய் ஒரு மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினான். சென்சாரைத் துடைத்தான். குழாய்களில் சோப்பு நுரை தடவிக் காற்று கசிகிறதா என்று பார்த்தான். என் வளையத்தையும் பார்த்தான்தான். கறுப்புத் தோல், நின்ற வண்டியில் தட்டையாகப் படுத்துக்கொண்டு ரப்பர் மாதிரியே இருந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். "டீசல் கேக்குற அளவுக்குப் போவுது. காத்துதான் கம்மி. திடீர்னு கம்மி, திடீர்னு சரி. பேஜாரா இருக்குது தோஸ்த்" என்பான். கடைசியில் தன் கணக்கை அழித்து, வண்டியோடு வந்த கம்பெனிக் கணக்கையே திரும்பப் போட்டுக் கொடுத்தான். கோளாறு ஏறக்குறைய நின்றுவிட்டது. இழுவை குறைந்தால் காற்று உறிஞ்சுவதும் குறையும், வளையம் அசையாது. இது இப்போது தெரிகிறது. அன்று ஊருக்கே தெரிந்தது வேறு: அப்போ தப்பு பாய் போட்ட கணக்கில்தான்.

ஊருக்குத் தெரிவித்தவன் நான். கேன்டீனில் எனக்கென்று ஒரு பெஞ்சு உண்டு, நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராக நான்கு பேர் உண்டு. "பாய் என் வண்டிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தாரு, அது பரீட்சையில பயந்து மயக்கம் போடுது" என்றேன். கேன்டீன் குலுங்கியது. அந்தச் சிரிப்பு வாணியம்பாடி வரை போனது. ட்யூனுக்குக் கேட்டிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவனிடம் நின்றிருந்த ஒரு வண்டியையும் பாதியில் எடுத்துப் போனார்கள். எனக்கு வளையம் ஞாபகமே வரவில்லையா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். வந்தது. வரும்போதெல்லாம் இன்னொரு ஜோக் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. "இன்னா ஆச்சுன்னு எல்லாரும் சொல்வான். எப்போ ஆச்சுன்னு சொல்றவன்தான் கஸ்டமரு" என்று அடிக்கடி சொல்வான். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தன் கணக்கை மறுபடி ஏற்றி, இழுவை சாகும் ஒவ்வொரு தடவையும் நேரம் எழுதச் சொன்னான். பத்து நாள் கழித்து வாங்கிப் பார்த்தான். காலை ஷிப்டுக்குப் போகும்போது ஒரு தடவைகூட இல்லை. எல்லாம் மதியத்துக்கு மேல், வண்டி நன்றாகச் சூடான பிறகு. மழை பெய்த நாளில் இரண்டு மடங்கு. "என் கணக்கு தப்புன்னா காலைலயும் தப்பாத்தானே இருக்கணும்? கணக்குக்கு மழை தெரியுமாய்யா?" என்றான். சூடு, ஈரம். என் காலைப் பிரசங்கத்தை எனக்கே படித்துக் காட்டுகிறான், அது தெரியாமலே.

மறுநாள் மதியம், தன் போனில் லைட்டைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, ஃபில்டர் பெட்டிக்குள் குழாய் வாயைப் பார்த்தபடி டேப் போட்டு ஒட்டினான். "போன் உள்ள போய்ட்டா?" என்றேன். "போனா போவுது, என் பேரு போறதுக்கு அது பரவால்ல" என்றான். நாட்றம்பள்ளி தாண்டி வண்டியைச் சூடாக்கி, காலி ரோட்டில் ஓங்கி மிதித்தேன். செத்தது. ஓரம் கட்டி, இரண்டு பேரும் பானெட்டின் நிழலில் அந்த வீடியோவைப் பார்த்தோம். கறுப்பு வளையம் சும்மா படுத்திருந்தது. இன்ஜின் சத்தம் ஏற ஏற அதன் ஒரு பக்கம் நடுங்கியது. பிறகு நாக்கு மாதிரி எழுந்து, குழாய் வாயை லபக்கென்று மூடியது. காலை எடுத்ததும் நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டது.

பாய் வளையத்தைப் பிடுங்கி எடுத்தான். பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. "வெள்ளாடு. வயித்துப் பக்கம்" என்றான். எந்த வாடையை விட்டு ஓடிவந்தானோ அது அவன் விரலை விட்டுப் போகவில்லை. அப்புறம்தான் வெள்ளிக் கோட்டைப் பார்த்தான்.

"யாரு வச்சது?"

"பழைய ஓனரா இருக்கும்."

"பழைய ஓனரும் உன் கம்பெனியா?"

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பின் சீட்டில் டிபன் டப்பா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்ல தெரிஞ்சா?" என்றான் பாய்.

"வேலை போய்டும், பாய்."

வளையத்தை என் சட்டைப் பையில் போட்டான். "யார்கிட்டயும் காட்டாத" என்றான். ரப்பர் வளையம் வாங்கிப் போட்டான். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டி ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

கேன்டீனில் நான் சொல்லத்தான் செய்தேன். எப்படி? "விஷயம் தெரியுமா, வண்டிக்குள்ள ஒரு ஆடு பூந்து காத்தைத் தின்னுட்டிருந்துச்சு." குலுங்கினார்கள். ஒருவன் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ பாய் மேல தப்பு இல்லையா?" சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி டீக்காகப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஆட்டைக் கேளுப்பா" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

பெருநாளன்று பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன், அதையும் மறைப்பானேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது ஷெட்டில் பூட்டு தொங்கியது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டினால் காது அந்த மூச்சு முட்டும் சத்தத்தையே தேடும். வளையத்தைத் தொழிற்சாலைக்கே திரும்ப எடுத்துப்போய்க் கழிவுப் பீப்பாயில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெளியே போகும்போதுதான் தடவுவார்கள், உள்ளே வருகிறவனை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். பீப்பாயில் போடக் கை வரவில்லை. இரண்டு நாளும் டிபன் மூடிக்குள் வைத்து மறுபடி வெளியே கொண்டுவந்தேன். ஒரே துண்டை இரண்டு தடவைக்கு மேல் திருடியவன் எங்கள் தொழிற்சாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரம் மண்டிக்குப் போனேன். லேப்டாப் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பை உதறித் தோல் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வேணாம், போய்டு" என்று கண்ணாலேயே சொன்னான். நான் நேரே அவன் அண்ணனிடம் போய் வளையத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் டப்பா உட்பட. அவரும் பார்க்கவில்லை. அதே இரண்டு விரல், அதே தேய்ப்பு. "வெள்ளாடு. வயிறு" என்றார். தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் குனிந்து தோல் அடுக்கினான்.

"இவன் ஒண்ணுமே சொல்லலையே. வண்டி சரியாய்டுச்சுன்னான், அவ்ளோதான்" என்றார். பிறகு என்னிடம், "வயித்துத் தோல்ல வாசர் வெட்டுனியா? நீ சூப்பர்வைசரு வேற?"

"ஆமா பாய்."

"உங்க ஆளுங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சாங்க."

"நீ பேசுனா சிரிக்கத்தான் செய்வான். எழுது. நாலு பேரு படிக்கிற மாதிரி எழுது. அதைப் பாத்துட்டுச் சாவியைப் பத்திப் பேசலாம்." வளையத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வரும்போது லேப்டாப் பாய் பின்னாலேயே வந்தான். "வேல போய்டுமேயா" என்றான். "போனா மண்டில தோல் பார்க்கிற வேலை போட்டுக் குடு, முதுகு எது வயிறு எதுன்னு நல்லாத் தெரியும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கையில் உப்பு. என் தோளைத் தொட வந்தவன், தொடாமல் கைலியில் துடைத்துக்கொண்டான்.

எழுதிவிட்டேன். ஒரு பிரதி மண்டிக்கு. இன்னொன்றை நாளைக் காலை ஷிப்டுக்கு முன் கேட்டிலேயே கொடுப்பதாக இருக்கிறேன், வளையத்தோடு. காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். ஃபேன் காற்று ஒவ்வொரு தடவை இந்தப் பக்கம் திரும்பும்போதும் அந்த வயிற்றுப் பக்கத்துத் தோல் மெல்ல எழுந்து எழுந்து பார்க்கிறது. இந்தத் தடவை நான் அழுத்தவில்லை.