துடைத்துச் சுத்தமாக்கிய பக்கங்கள்

செத்துப்போன ஒரு மனிதனின் கையெழுத்தை நான் அழித்தேன். அழித்துவிட்டு, அவன் எதுவுமே எழுதி வைக்கவில்லை என்று அவன் மனைவியிடம் சொன்னேன்.

இதோ, சொல்லிவிட்டேன்! இந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு ஆண்டுகளாக என் தொண்டையிலேயே நின்றிருந்தன. நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை நல்லவன் என்கிறார்கள்... அதைக் கேட்கும்போது கூசுகிறது.

செம்பூரில் ஒற்றை அறை வீடு எனக்கு. ஒரு கம்பெனியில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அத்துடன் ஒரு பைத்தியமும் உண்டு. சொந்த நிலத்தில் தன் கையாலேயே வீடு கட்டி, கிணறு தோண்டி, ஆடு கோழி வளர்த்து, கடையை நம்பாமல் வாழ்வது எப்படி என்று சொல்லும் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளைச் சேர்க்கிறேன். சிரிக்காதீர்கள்! ஜன்னலில் ஒரு துளசியைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் நான். ஆனால் ஆட்டின் குளம்பை எப்படி வெட்டுவது என்று பதினோரு கட்டுரைகள் வைத்திருக்கிறேன்.

பழுதில்லாத இதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள், கட்டிலுக்கடியில் இருக்கும். மற்றவை கம்ப்யூட்டரில். இந்த ஊரில் காகிதத்துக்கு இடம் ஏது? அதனால் ஒரு விதி வைத்திருந்தேன். கறை பட்ட, கிறுக்கிய பிரதி என்றால் முதுகுப் பின்னை உருவி, தாள் தாளாக ஸ்கேன் செய்துவிட்டு, காகிதத்தை ரத்திக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவேன். பழைய பேப்பர் கடைக்கு இங்கே அதுதான் பெயர்.

மாட்டுங்காவில் அப்படியொரு ரத்திக் கடையில்தான் சுடலைமுத்து பழக்கமானான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குவியலில் ஒரே இதழுக்கு இருவரும் கை நீட்டினோம். அவனுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆங்கிலம் அரைகுறைதான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை ஒரு வாரம் வாசிப்பான். அவன் என்னைப்போல் சேர்க்க வந்தவன் இல்லை. அப்படியே வாழப்போவதாகச் சொன்னான்!

"நேரல் பக்கம் பத்து குண்டா எடம் முடிச்சிருக்கேன் அண்ணாச்சி. கால் ஏக்கரு. எம் பொஞ்சாதி பேச்சியக் கூட்டிட்டுப் போயிருவேன். இந்தச் சந்துலயே எத்தன வருசம் கெடக்க?"

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அதைவிட, பொறாமை. ஆம், அதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

அவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள், இரண்டு கட்டைப் பைகளுடன் மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஏறி வந்தான். நாற்பத்தொரு இதழ்கள். அவற்றில் பல, உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் கூடும் எங்கள் இணையக் குழுவில் ஒருவரிடமும் இல்லாதவை!

"ஸ்கேன் பண்ணிட்டு பேச்சிகிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. அவளுக்கு வெளங்குத மாதிரி ஓரத்துல தமிழ்ல எழுதி வச்சிருக்கேன்."

கேட்டீர்களா? எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

இருபது நாளில் அவன் போய்ச் சேர்ந்தான். மறுவாரமே நான் ஸ்கேனரை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம், ஓரமெல்லாம் பென்சில்! பொடி எழுத்து, அம்புக்குறி, சின்னச் சின்னப் படம். முதல் இதழைக் குழுவில் போட்டதும் ஏதோ ஒரு நாட்டுக்காரர் எழுதினார்: அருமையான இதழ், ஓரங்கள்தான் அசிங்கமாக இருக்கின்றன.

அசிங்கம்... அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. என் தொகுப்பில் அசிங்கமா? நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு வரியையாவது படித்தேனா? இல்லை. படித்தால் கை நின்றுவிடும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற பக்கங்களைக் குழுவில் ஏற்றினேன். முகம் தெரியாத முந்நூறு பேர் பாராட்டினார்கள். துடைக்காத பிரதிகள் இடத்தை அடைப்பதாகத் தோன்றியது, குழுவில் முதலில் போட்டது உட்பட அவற்றையும் நீக்கினேன்.

காகிதங்கள்? பின் உருவிய உதிரித் தாள்கள். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இங்கிலீஷ் பத்திரிகையை வைத்துக்கொண்டு அந்தப் பொம்பளை என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்... ஆம், அப்படியேதான் நினைத்தேன்! மொத்தமும் ரத்திக் கடைக்குப் போயிற்று. இந்நேரம் ஏதோ அட்டைப் பெட்டியாகியிருக்கும்.

ஐந்து மாதம் கழித்து பேச்சியம்மாள் வந்தாள். ஐம்பது வயது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"நேரல்ல வீடு கட்டப் போறேன் அண்ணாச்சி. அவிய எல்லாம் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னாவ. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். அந்தப் பொஸ்தகத்தக் குடுத்தியன்னா..."

அப்போதே சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? காகிதமெல்லாம் மழையில் நனைந்து கூழாகிவிட்டது, நல்லவேளையாக அதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிட்டேன் என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினேன். என் துடைப்பு வேலையையே எனக்குச் சாட்சியாக்கினேன்!

"பாரும்மா, எங்கேயும் எழுத்து இல்லை. எழுதணும்னு நெனச்சிருப்பான், முடியாமப் போயிருக்கும்."

அவள் திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோய் வெள்ளை ஓரங்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பென்சிலும் கையுமாத்தான உக்காந்திருந்தாவ..." என்றாள். பிறகு, "என்னையச் சமாதானப்படுத்தச் சும்மா சொல்லிருக்காவ போல. போவட்டும்."

அவன் பொய் சொன்னதாக அவள் நம்பிவிட்டாள். பொய்யன் அவள் எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

பரிகாரம் போல, அந்த இதழ்களில் அவன் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். மிஸ்திரி அதைப் பார்த்து அப்படியே கட்டினார். மழைத் தண்ணீர் ஏறாதபடி உயரமான அடித்தளம். வாசலில் செங்குத்தாக ஐந்து படிகள்.

பால் காய்ச்சிய அன்று போனேன். அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்து ஏறினாள். மேலே போய் மூச்சு விட்டுக்கொண்டு சிரித்தாள்.

"எம் முட்டு வலி அவியளுக்குத் தெரியாதா அண்ணாச்சி? ராத்திரி தைலம் தேச்சு விடுததே அவியதான். இதக்கூடவா யோசிக்கல?"

வீடு திரும்பியதும் தேடினேன். ஏதாவது ஒரு பக்கம் தப்பியிருக்காதா என்று எல்லாவற்றையும் கிளறினேன். கிடைத்தது... கம்ப்யூட்டரில் இல்லை, போனில். அந்த வரைபடம் நடுவில் இரண்டு பக்கத்துக்குப் பரந்து கிடந்ததால் ஸ்கேனரில் அடங்கவில்லை. முதலில் போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தேன். அதைத் துடைக்க மறந்திருக்கிறேன்.

வரைபடத்தில் படிகளின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி. பக்கத்தில் சுடலைமுத்துவின் பொடி எழுத்து: "பேச்சிக்கு முட்டுவலி. படி வேண்டாம். மண்ணு போட்டுச் சரிவா ஏத்தணும்."

இது நடந்து ஒரு வருடமாகிறது. இன்னும் அவளுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் புருஷன் அவளுக்குத் திரும்பக் கிடைப்பான். நான் அவளுக்கு யாராகிவிடுவேன்? இந்தக் கேள்வியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். குறைந்தபட்சம் ஆள் வைத்துச் சரிவு போட்டுக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கொடுத்தால், இப்போது எப்படித் தோன்றிற்று என்று கேட்பாளே என்று பயம்! என் கோழைத்தனம் அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

போன ஞாயிறும் நேரலுக்குப் போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று கர்ஜத் லோக்கல் ரயிலில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போன் சட்டைப் பையில் இருந்தது. கோழிக்குத் தவிடு வைத்துவிட்டு வந்தவள் எனக்கு முன்னால் படியேறினாள். இரண்டாவது படியில் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

"பாத்து ஏறுங்க அண்ணாச்சி... படி ஒசரம்."

சரிம்மா என்றேன். அவள் பின்னாலேயே ஏறினேன்.