பதிவேட்டில் மூன்று காய்கறிகள்

செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். படியேறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே பல்செட்காரரின் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க பல்லு ஒரிஜினலா சார்?" என்பார்கள். அவரும் முப்பது வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார். "அதுல என்னங்க சந்தேகம்? எல்லாம் ஒரிஜினல்." வந்தவருக்கு உடனே நம்பிக்கை பிறந்துவிடும். தன் பல்லைக் காப்பாற்றத் தெரிந்தவன் அடுத்தவன் பல்லைச் செய்யவும் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று ஒரு நினைப்பு.

முதல் இருபத்திரண்டு வருடம் அந்தப் பதில் உண்மையாக இருந்தது. அப்புறம் மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. அவரே தனக்கு ஒரு மேல்செட் செய்து மாட்டிக்கொண்டார். அதையாவது ஒழுங்காகச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்தவர் வாய்க்கு மூன்று முறை அச்சு எடுத்து, நாலு முறை கடித்துப் பார்க்கச் சொல்கிற மனிதர், தன் வாய்க்கு ஒரே தடவை அச்சு எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அரக்கப் பரக்கச் செய்து முடித்தார். யாராவது பார்த்துவிட்டால் தொழில் என்னாவது என்ற பயம். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் தங்கள் பல்லை ஒப்படைத்திருந்தார்கள். நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒருவன் டவுன் பஸ் டிரைவர். எட்டாம் வகுப்பிலேயே பெரியவன் குரலில் சிரித்தவன், இன்னும் அப்படியேதான் சிரிக்கிறான். ஒருத்தி தையல்காரி, துணியை வெட்டக் கத்தரிக்கோல் எடுப்பாள், நூலை வெட்டப் பல்லைத்தான் நம்புவாள். இன்னொருத்தி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். ரயில் தாமதம் என்பதைக்கூட ரயிலுக்கே வெட்கம் வருகிற மாதிரி இனிமையாகச் சொல்வாள்.

மூவரும் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு சாக்குகளோடு தனித்தனியாக மாடியேறி வந்து, மேல்செட் செய்துகொண்டார்கள். மூவரும் ஒரே சத்தியத்தை வாங்கிக்கொண்டார்கள்: மற்ற இரண்டு பேருக்கும் தெரியக்கூடாது. ஆளுக்கு ஒரு விருப்பமும் இருந்தது. டிரைவருக்குச் சிரித்தால் கடைசி சீட் வரைக்கும் தெரிகிற மாதிரி பெரிய பல் வேண்டும். தையல்காரிக்குச் சின்ன வயதில் இருந்தது போலவே முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். அறிவிப்பாளருக்குத் தன் தெத்துப்பல் இல்லாவிட்டால் பேச்சே வராதாம். பல்செட்காரர் கேட்டதை எல்லாம் செய்து கொடுத்தார். சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகப் பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுதாமல் காய்கறிப் பெயரை எழுதினார். டிரைவர் கத்தரிக்காய், தையல்காரி வெண்டைக்காய், அறிவிப்பாளர் பூசணிக்காய்.

வருடத்துக்கு ஒரு முறைதான் நாலு பேரும் ஒன்றுகூடுவார்கள். இந்த வருடம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய் ஏரிக்கரையில் சாப்பிடுவது என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வியாழக்கிழமை ஒரே நாளில், ஒருவர் இறங்கியதும் ஒருவராக மூன்று பேரும் மாடியேறினார்கள். செட் ஆடுகிறது, நாலு பேர் நடுவில் சாப்பிட வேண்டியிருக்கிறது, இறுக்கிக் கொடு. மூன்று செட்டையும் வாங்கி ஒரே மாதிரியான மூன்று தகர டப்பாக்களில் போட்டு, மூடியில் காய்ப்பெயர் எழுதி ஒட்டிவைத்தார்.

கடைசியாக வந்த தையல்காரி போகிறபோது சும்மா போகவில்லை. பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தான் வெண்டைக்காய் என்பது தெரிந்தவள் ஆகையால், வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"யாரு இந்தக் கத்தரிக்கா?"

பல்செட்காரர் பதிவேட்டைச் சட்டென்று மூடினார். யாரோ ஒருத்தர் என்று மழுப்பி அனுப்பினார். ஆனால் மனசு கேட்கவில்லை. அவள் துப்பறிய ஆரம்பித்தால் சும்மா விடமாட்டாள். வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்து, காய்களை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளி எழுதினார். டிரைவர் வெண்டைக்காய் ஆனான், தையல்காரி பூசணிக்காய் ஆனாள், அறிவிப்பாளர் கத்தரிக்காய் ஆனாள். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தார். டப்பா மூடிகளை மாற்றவேண்டும் என்பது மட்டும் அந்த மூளைக்கு உறைக்கவில்லை. மூன்று செட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, பூச்சுப் போட்டு, பாலிஷ் பிடித்து, அதது இருந்த டப்பாவிலேயே பத்திரமாகப் போட்டு, டேப் ஒட்டி மூடினார்.

சனிக்கிழமை சாயந்திரம் கூட்டம். யார் என்ன கொண்டுவருவது என்று பேசுவதற்காக மூன்று பேரும் பல்செட்காரரின் அறைக்கே வந்தார்கள். மேல்வரிசை மூன்றும் டப்பாவுக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. டிரைவர் கழுத்திலிருந்து மூக்கு வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, சளி என்றான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தையல்காரி ஒரு பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு, உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியிருந்தாள்; அவசர வேலை, ஊசியை எடுக்க முடியாது என்று கையால் காட்டினாள். அறிவிப்பாளர் ஒரு சிறு நோட்டோடு வந்தாள். குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள்.

ஒரு வருடக் கதை பேசவேண்டிய கூட்டம் இது. டிரைவரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை மஃப்ளருக்குள்ளிருந்து ஒரு முனகலும், கையால் தொட்டில் ஆட்டிக் காட்டியதுமாகத் தெரிந்துகொண்டார்கள். தையல்காரி புது மிஷின் வாங்கியதை டர்ர்ர் என்று உதடு பிரியாமல் சொன்னாள். அறிவிப்பாளருக்கு மட்டும்தான் எழுத்துச் சுதந்திரம். தன் மாமியாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் காட்டினாள்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததும் மூவருக்கும் வீரம் வந்துவிட்டது. தன் பல்லைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாதே. டிரைவர் கரும்பு என்றான். தையல்காரி குண்டூசிகளுக்கு இடையே வறுத்த வேர்க்கடலை என்றாள். அறிவிப்பாளர் 'சுட்ட சோளக்கதிர்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். ஒரு அறைக்குள் மேல்பல் இல்லாத மூன்று பேர் உட்கார்ந்து கரும்பும் கடலையும் சோளமும் திட்டம் போடுவதைப் பார்த்த பல்செட்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் நீர் வந்தது. தன் கைவேலை இதைத் தாங்குமா என்று கலக்கமும் வந்தது. அவர் தன் பங்குக்கு மசித்த உருளைக்கிழங்கும் நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் கொண்டுவருவதாகச் சொன்னார்.

டிரைவர் மஃப்ளரைக் கொஞ்சம் இறக்கினான். "என்னடா, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?"

கிளம்பும்போது பல்செட்காரர் பதிவேட்டைத் திறந்து, காய்ப்பெயர் பார்த்து, மூடியில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, ஆளுக்கு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். மற்றவர் காதில் விழும்படி, புதுத் தேயிலை வந்தது, உங்களுக்காக எடுத்துவைத்தேன் என்றார். பிறகு பல் வாங்குகிற எல்லாருக்கும் சொல்கிற வாசகத்தைத் தனித்தனியாக ஒவ்வொரு காதிலும் ஓதினார்.

"புதுசா இறுக்கினது கொஞ்சம் வலிக்கும், வேற பல்லு மாதிரிகூட இருக்கும். பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு நாள் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டார்கள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில், மரநிழலில் போர்வை விரித்து, மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டியபோது எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். முதலில் தேநீர் போடலாம் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேருக்கும் நிஜமாகவே தேயிலை கிடைத்திருக்கிறது, அவர்கள் கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். மூன்று டப்பா தேயிலை வாங்கிய கூட்டத்தில் ஒரு சிட்டிகை தேயிலை இல்லை.

அந்த அபத்தத்துக்கு டிரைவர் தன்னை மறந்து வாயைத் திறந்து சிரித்தான். பல்செட்காரர் பார்த்தார். அந்தப் பெரிய முகத்தின் நடுவே பொடிப் பொடியான பல்வரிசை, முன்பல் இரண்டுக்கும் நடுவே அழகான ஓர் இடைவெளி. அவர் கையால் அறுத்து, தேய்த்து, ஒரு வாரம் மெனக்கெட்டு வைத்த இடைவெளி. பக்கத்தில் தையல்காரி கடலைப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் பார்த்தாள்; தெத்துப்பல் ஒன்று எட்டிப் பார்த்தது. அறிவிப்பாளரோ, இதுவரை இழுத்து மூடியிருந்த உதடு விலகிப்போய், கடைசி சீட்டுக்கும் தெரிகிற பெரிய பற்களைத் தாங்கிக்கொண்டு, குரல் ஓய்வு இன்னும் முடியவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பல்செட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்களைத் தள்ளி எழுதிவிட்டு மூடிகளை மாற்றாமல் விட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னால், அப்படியானால் என் பல் யாரிடம் என்று கேட்பான். அதைச் சொன்னால் இன்னொருத்தியின் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் மூன்று பேரும் பட்டினி. இதற்குள் சோளம் வெந்து வாசனை வந்துவிட்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு கதிரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் மற்றவர் கடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். தையல்காரி வலி பொறுக்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். டிரைவரின் கண்ணில் தண்ணீர் நின்றது, புகை என்றான். மசித்த உருளைக்கிழங்கை ஒருவரும் தொடவில்லை. தொட்டால் மானம் போய்விடுமே.

அந்த மூன்று முகங்களையும் பல்செட்காரர் பார்த்தார். தன்னை நம்பி வாயைக் காட்டியவர்கள். தான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ராத்திரியிலிருந்து அடுத்தவர் பல்லை வாயில் வைத்துக்கொண்டு வலியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ரகசியத்தை உடைக்க அவருக்கு உரிமை இல்லை. உடைக்க உரிமையுள்ள ரகசியம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

அவர் வாய்க்குள் விரலை விட்டார். க்ளக் என்று ஒரு சத்தம். தன் மேல்வரிசை மொத்தத்தையும் எடுத்து வாழைப்பழத் தட்டின் நடுவில் வைத்தார்.

"எட்டு வருஷமா இதுதான்," என்றார். காற்றோடு வந்தது பேச்சு. "ஒரிஜினல்னு சொன்னதெல்லாம் பொய். என்னால சோளம் கடிக்க முடியாது. வேற யாருக்காவது முடியலைன்னா, நான் எதுவும் கேக்கமாட்டேன்."

டிரைவர் தட்டையும் நண்பனின் குழிவிழுந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் வாயிலிருந்ததைக் கழற்றித் தட்டில் வைத்தான். தையல்காரி அதைப் பார்த்ததும் தன் முன்பல் இடைவெளியை அடையாளம் கண்டு, என்னுது என்று கத்தப் போனாள்; வாய் திறந்த வேகத்தில் அவள் போட்டிருந்ததும் மடியில் விழுந்தது. அறிவிப்பாளர் அந்தத் தெத்துப்பல்லைக் குனிந்து பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். பெரிய பல்வரிசையைக் கழற்றித் தட்டில் சேர்த்துவிட்டு, மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்து, பல் இல்லாவிட்டாலும் குரல் மாறாமல், நிலையத்தில் பேசுவது போலவே பேசினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தட்டில் நிற்கும் பல்செட்டுகள் தடம் மாறி வந்துவிட்டன. சிரமத்திற்கு டாக்டர் வருந்துகிறார்."

அதற்கப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. டிரைவர் போர்வையில் உருண்டான். தண்ணீரில் நின்ற கொக்கு ஒன்று பயந்து பறந்துபோனது. கத்தரிக்காய் யார் என்று தையல்காரிக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது. பல்செட்காரர் நாலு செட்டையும் ஏனத்தில் போட்டு வெந்நீரில் அலசி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது உனக்கு, இது உனக்கு என்று எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு தப்பும் வரவில்லை. மாட்டிக்கொண்டதும் மூவர் முகத்திலும் வந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சோளம் ஆறுவதற்குள் மூவரும் கதிரைக் கடித்தார்கள். கரகரவென்று சத்தம் கேட்டது. செட் அசையவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போன பல்செட்காரர், தன்னுடையதையும் மாட்டிக்கொண்டு ஒரு கடி கடித்தார். கதவைச் சாத்திக்கொண்டு அரக்கப் பரக்கச் செய்த அந்தச் செட் சரிபாதியாக உடைந்தது. அவர் திருதிருவென்று விழித்தார். டிரைவர் ஒரு கதிரை எடுத்து, மணி மணியாக உதிர்த்து, கல்லில் வைத்து நசுக்கி, மசித்த உருளைக்கிழங்கில் கலந்து நண்பனிடம் நீட்டினான்.

திங்கட்கிழமை மூன்று பேரும் தனித்தனியாக வராமல், படி அதிர ஒன்றாக மாடியேறி வந்தார்கள். பல்செட்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒழுங்காக மூன்று முறை அச்சு எடுக்கவேண்டும் என்று காவலுக்கு உட்கார்ந்தார்கள். தையல்காரி பதிவேட்டில் நாலாவதாக உருளைக்கிழங்கு என்று எழுதினாள். அந்த நேரம் பார்த்து ஒரு புது ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். பல்செட்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாரோ சொன்னாங்க சார். உங்க பல்லு எல்லாம் ஒரிஜினலாமே?"

பல்செட்காரர் நண்பர்களைப் பார்த்தார். மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுத்தார். வாயை அகலமாகத் திறந்து, வெறும் ஈறைச் சுட்டிக் காட்டினார்.

"இதாங்க ஒரிஜினல்," என்றார். "உக்காருங்க, அச்சு எடுக்கலாம்."